தரையில பூக்குற ஆர்க்கிட்

ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊருல, சித்தி வீட்டு வாசல் தொட்டியில, பனங்கன்னு மாதிரியே மடிப்பு மடிப்பா இலை, நடுவுல நீட்டமா ஒரு தண்டு, உச்சியில ஊதா கலர்ல பூ.

ஆர்க்கிட்டாம். மரத்துல ஒட்டி வளராம மண்ணுல வர்ற சாதி, பேரு ஸ்பாத்தோகுளோட்டிஸ் பிளிக்காட்டா. மலேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம் ரோட்டோரத்துலயே கிடக்கும்.

நம்ம ஊரு உப்புத்தண்ணி ஆகாதுன்னு சித்தி குடிக்க வாங்குற குடத்துத் தண்ணியிலதான் பங்கு குடுக்குது, சித்தப்பாவுக்கு செம கடுப்பு.

மொட்டு எல்லாம் ஒரே நேரத்துல விரியாது, கீழ இருந்து ஒண்ணு ரெண்டா விரியும், அதனால ஒரே தண்டு வாரக்கணக்குல பூவோட நிக்கும்.

விதைதான் ஆச்சரியம். வெறும் தூசி, உள்ள சாப்பாடே கிடையாது, மண்ணுல இருக்குற பூஞ்சை வந்து ஊட்டுனாத்தான் முளைக்கும், வீட்டுல வேணும்னா கிழங்கைப் பிரிச்சு வைக்குறதுதான் வழி.

இவ்ளோ நோஞ்சான் விதை, ஆனா அழகுக்குன்னு ஹவாய், போர்ட்டோ ரிக்கோவுக்குக் கொண்டுபோனது தோட்டத்தைத் தாண்டி காட்டுலயே குடியேறிருச்சு! பல இடத்துல தேனீ கூட தேவையில்ல, தானே மகரந்தம் சேர்த்துக்கும்.

சீமைக்கருவேலத்தை நாம வாய் வலிக்கத் திட்டுறோம். அதுக்கும் இப்படி ஊதாப் பூ இருந்திருந்தா தொட்டியில வச்சு குடிதண்ணி ஊத்திருப்போம்.