மாடிப்படிக்கு வந்த நிலா அந்துப்பூச்சி

ஆடி மாதம், மழை விட்ட ராத்திரி. "அக்கா, உங்க படிக்கட்டுச் சுவத்துல காத்தாடி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு, அசையுது" என்று கீழ்வீட்டுப் பையன் கதவைத் தட்டினான். போய்ப் பார்த்தால், ட்யூப்லைட்டுக்குக் கீழே வெளிர்பச்சையாக, நீண்ட இரட்டை வாலோடு நிலா அந்துப்பூச்சி. காட்டு மரங்களில் வளரும் பூச்சி. சென்னை மாதவரத்தில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

பார்த்த உயிரினங்களைப் படத்தோடும் இடத்தோடும் பதிகிற ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவு செய்தேன். பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை முதலில் ஏற்றியது தவறு. அப்படி வரும் படத்தில் எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். அப்புறம் அவன் போனிலிருந்தே மூலப்படத்தை ஏற்றினேன். இரண்டே நாளில் இன்னொருவரும் பெயரை ஒத்துக்கொள்ள, பதிவுக்கு 'ஆய்வுத் தரம்' (ஆய்வுக்குப் பயன்படுத்தலாம் என்ற தகுதி) கிடைத்தது.

ஆனால் ஒருவர் கேட்டார்: "நர்சரிச் செடியில் கூடாக ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ?" நியாயமான கேள்வி. இங்கே நர்சரிகளுக்குக் குறைவில்லை. லாரியில் வந்த பூச்சிக்கு வரைபடத்தில் புள்ளி வைத்தால், பின்னால் பார்ப்பவர் அது காட்டை விட்டு நகரம்வரை பரவிவிட்டது என்று நினைப்பார். அல்லது எப்போதுமே இங்கே இருந்து, இத்தனை நாள் நாம்தான் பார்க்காமல் விட்டிருக்கலாம். எது என்று தெரியாமல் எனக்கு மனசு ஆறவில்லை.

படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். ஆணுக்கு உணர்கொம்பு அகன்ற இறகு போல இருக்கும். இதற்குக் குறுகல், வயிறும் பருமன். பெண்தான். விடிந்தபோது சுவரில் முட்டைகள்கூட இருந்தன. வளர்ந்த நிலா அந்துக்கு உண்ண வாயே கிடையாது. ஒரு வாரம்போலத்தான் ஆயுள். முட்டையோடு கனத்த பெண் வெகுதூரம் பறந்து வந்திருக்காது என்று பட்டது.

அப்படியானால் புழு தின்ற மரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முருங்கை தின்னும், ஒதியனும் தின்னும். 'ஒதி பெருத்தால் உத்திரமாகுமா' என்று நாம் ஒதுக்கிவைத்த மரம்தான் இதற்குச் சோறு. பால்பண்ணைப் பக்கத்துச் சந்தில், வேலிக்கு நட்ட கம்பே துளிர்த்து நாலு ஒதியன் நிற்கிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் இலை இலையாகத் தேடினேன். மூன்றாவது வாரம், காய்ந்த இலைகளுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு கூடு, ஒரு முனை திறந்து காலியாக இருந்தது. பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுத்துச் சேர்த்தேன். கேள்வி கேட்டவரும் இதே பூச்சியின் கூடுதான் என்றார்.

வேலிக்காரர் ஒரு ஆயா. படத்தைக் காட்டினேன். தை வரைக்கும் கிளை கழிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.