வயிறு வெடிக்காத மத்தி

கரையில் வாங்கிய மத்தியைக் கவரோடு ஃப்ரிட்ஜில் தள்ளிவிட்டு, சாயங்காலம் ஆய்ந்துகொள்ளலாம் என்று விட்டால் பாதி மீன் வயிறு வெடித்துக் கிடக்கும். மீன் செத்த பிறகும் குடலிலுள்ள செரிமான நொதிகள் ஓய்வதில்லை. வயிற்றுச் சதையையே கரைக்கத் தொடங்கிவிடும். இரை நிறையத் தின்ற மீனில் இது இன்னும் வேகம்.

அதனால் வந்ததும் ஆய்ந்துவிடுங்கள். செவுளையும் குடலையும் எடுத்த பிறகு வயிற்றுக்குள் பாருங்கள்: நடுமுள்ளை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும், மேலே மெல்லிய சவ்வு. கத்தி நுனியால் சவ்வைக் கீறி, கட்டைவிரல் நகத்தால் வழித்தால் உறைந்த ரத்தம் போலத் தெரியும் அந்தப் பகுதி வந்துவிடும். சுத்தமாக ஆய்ந்தும் கவிச்சி அடிக்கிறது என்றால் பெரும்பாலும் இதை விட்டிருப்பார்கள். நெத்திலிக்கு இந்தப் பாடே இல்லை, தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வரும்.

ஒருமுறை அலசி, வடியவிட்டு, துணியால் ஒற்றுங்கள். அன்றே சமைக்காவிட்டால் துண்டு போட வேண்டாம். வெட்டுவாய் கூடக்கூடச் சீக்கிரம் கெடும். மஞ்சளும் உப்பும் தடவினால் போதும் என்பதை நம்பாதீர்கள். கருவாட்டுக்கே மூன்று, நான்கு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு பிடிக்கும். ஒரு ஸ்பூன் உப்பு எதைக் காப்பாற்றும்?

வீட்டு ஃப்ரிட்ஜின் குளிர் சுமார் 4 டிகிரி. மீனுக்கு வேண்டியது 0, அதை ஐஸ்தான் தரும். பாத்திரத்தின் மேல் ஓட்டைத் தட்டு, அதில் பொடித்த ஐஸ், நடுவே மீன், மேலே மறுபடி ஐஸ். ஓட்டைத் தட்டு எதற்கென்றால், உருகிய தண்ணீரில் ஊறும் மீன் வெளுத்துச் சொதசொதவென்று ஆகிவிடும். கீழே சேரும் தண்ணீரைக் கொட்டி, ஐஸை நிரப்பிக்கொண்டே இருந்தால் இரண்டு நாள் தாங்கும்.

அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர்தான். ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, காற்றை அமுக்கி வெளியேற்றி, கவரைத் தட்டையாகப் பரப்புங்கள். உருண்டையாகக் கட்டினால் நடுப்பகுதி உறைய நேரமாகும், சதை உதிரும். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய் மீன்களை இரண்டு, மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது, பிறகு காறல் வாடை வரும்.

எடுக்கும்போது முதல்நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். சமையல் மேடையில் மணிக்கணக்கில் போட்டால் சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மூன்றிலும் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் பொருள் சேரும். கொதிக்கவைத்தாலும் அது போகாது; முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் வரும். அப்படிக் கெட்ட மீன் நாக்கில் மிளகு போலச் சுரீரென்று எரியலாம். நம் மீன்குழம்பில் அதை யார் கண்டுபிடிப்பது!