வெள்ளம் புகுந்த பீரோ: வேளச்சேரி நாட்குறிப்பு

5 டிசம்பர் 2023, செவ்வாய்

மிக்ஜாம் புயல் ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரை கடக்கிறது என்று ரேடியோவில் சொல்கிறார்கள். இங்கே மழை விட்டுவிட்டது. முழங்கால் வரை நின்ற தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருக்கிறது. சாக்கடை கலந்த தண்ணீர், வாடையே சொல்கிறது. பீரோவின் கீழ்த்தட்டுகள் முழுக்க மூழ்கியிருந்தன. அத்தையின் பட்டுப்புடவைகள் அங்கேதான் இருந்தன.

எதையும் எடுக்கும் முன் போட்டோ எடுத்தேன். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, அதன் பக்கத்தில் பிடித்த டேப், திறந்த பீரோ, மெத்தை, திரைச்சீலை எல்லாவற்றையும் எடுத்து, கடைசியில் வீடு முழுக்க ஒரு வீடியோ. போன் சார்ஜ் அதோடு தீர்ந்தது.

அப்புறம் முதல் வேலையாகப் பட்டு. மடித்த நிலையில் ஈரமாகக் கிடந்தால் புடவைக் கரையின் சாயம் புடவையின் உடல் பகுதியில் இறங்கிவிடும். சிவப்பும் அரக்கும்தான் ரொம்ப மோசம். ஒவ்வொன்றாகப் பிரித்து, மாடி வீட்டு அக்கா கொடுத்த பழைய வெள்ளை வேட்டிகளை நடுவில் வைத்துச் சுருட்டினோம். பிழியவே இல்லை. நனைந்த பட்டுக்கு வலு குறைவு, முறுக்கினால் இழை விட்டுப்போகும்.

6 டிசம்பர், புதன்

மாடியில் சிக்னல் கிடைத்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்து தகவல் சொன்னேன், கிளைம் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. சேதத்தை மதிப்பிட சர்வேயர் ஒருவர் வருவார். போனில் பேசிய பெண் கூடவே சொன்னது: "சர்வேயர் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க மேடம்."

இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஈரத் துணியில் ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும், அந்தக் கரும்புள்ளி பிறகு போகவே போகாது. பாலிசியிலேயே, சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை என்று இருக்கிறது. அதனால் "கெட்டுப்போகாமல் இருக்கத் துணிகளைத் துவைக்கிறேன், படங்கள் இணைத்திருக்கிறேன்" என்று உடனே மெயில் அனுப்பினேன். எல்லாரிடமும் இதையே சொல்வேன்: போட்டோ எடுங்கள், எழுத்தில் தெரிவியுங்கள், துவையுங்கள். சர்வேயருக்காகத் துணி காத்திருக்காது.

மோட்டார் ஓடவில்லை, தொட்டித் தண்ணீரை அளந்துதான் செலவு செய்கிறோம். கையுறை போட்டுக்கொண்டு, முதலில் வெறும் தண்ணீரில் அலசிச் சேற்றை இறக்கினோம். சேறு இருக்கும்போதே சோப்புப் போட்டுத் தேய்த்தால் மண் இழைக்குள் ஏறிக்கொள்ளும்.

7 டிசம்பர், வியாழன்

மெத்தைகளையும் தலையணைகளையும் தூக்கிப் போட முடிவு செய்தோம். சாக்கடை ஊறிய இலவம்பஞ்சையும் ஃபோமையும் வீட்டில் சுத்தம் செய்ய வழியில்லை. மேலே காய்ந்தாலும் உள்ளே கிருமி இருக்கும். அத்தை அவருடைய மெத்தை பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "உறையை மட்டும் மாத்தினா போதாதாம்மா?" என்று கேட்டார். போதாது என்று சொல்லக் கஷ்டமாக இருந்தது. அவருடைய அம்மா பஞ்சு அடைத்துக் கொடுத்தது.

மாநகராட்சி லாரியில் ஏற்றும் முன் ஒவ்வொன்றிலும் உறையோடு சேர்த்து ஒரு கையகலத் துண்டு வெட்டி, காயவைத்து, கவரில் போட்டு, என்ன பொருள், எந்த வருடம் வாங்கியது என்று மேலே எழுதினேன். பொருள் போன பிறகு சாட்சிக்கு இருப்பது அந்தத் துண்டுதான்.

10 டிசம்பர், ஞாயிறு

கரண்ட் வந்துவிட்டது. பருத்தி எல்லாம் வெந்நீரும் சோப்புத்தூளும். வெள்ளை விரிப்புகளுக்கு மட்டும் பிளீச். பக்கத்து வீட்டில் பட்டுத் துணியையும் பிளீச்சில் போடப் பார்த்தார்கள், ஓடிப்போய்த் தடுத்தேன். பட்டும் கம்பளியும் புரத இழை, பிளீச் அதை அரித்தே விடும். பிளீச்சோடு வினிகரோ வேறு கிளீனரோ கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும்.

பட்டுப்புடவைகளைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தோம். கொடியில் தொங்கவிடாமல் கட்டிலில் விரித்தோம், தன் கனத்திலேயே இழுபடும் என்பதால். ஜரிகை இல்லாத சில பட்டுகளுக்கு நேரம் கிடைக்கவில்லை; அலசி, பிளாஸ்டிக்கில் சுற்றி, அண்ணன் வீட்டு ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். உறைந்த துணியில் பூஞ்சணம் வளராது. அருங்காட்சியகங்களில் நனைந்த துணிகளுக்கும் இப்படித்தான் செய்வார்கள்.

ஜரிகைதான் வருத்தம். நல்ல ஜரிகை என்பது பட்டு நூலைச் சுற்றிய வெள்ளிக் கம்பி, மேலே தங்க முலாம். சாக்கடையின் கந்தகம் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். அத்தையின் முகூர்த்தப் புடவையின் முந்தானை கறுத்துப்போய்விட்டது. கறை முழுக்கப் போகும்வரை எதற்கும் இஸ்திரி போடவில்லை, சூடு பட்டால் கறை நிலைத்துவிடும்.

எண்ணூர் நிலைமை இதைவிடக் கொடுமை. அங்கே வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. எண்ணெய் ஊறிய துணியை எந்த சோப்பு மீட்கும்?

13 டிசம்பர், புதன்

சர்வேயர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் அவசரத்தில் இருந்தார். டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று எழுதிக்கொண்டு எழுந்துவிட்டார். "சார், துணி?" என்றேன். "பில் இருக்கா?" என்றார்.

முப்பது வருடத்துப் புடவைக்கு யார் பில் வைத்திருப்பார்கள்? கல்யாண ஆல்பத்தைக் காட்டினேன். எந்தப் பக்கத்தில் எந்தப் புடவை என்று குறித்து வைத்திருந்தேன். சமீபத்தில் வாங்கியவற்றுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட், வெட்டிய துண்டுகள், டிரைகிளீனிங் கடை கொடுத்த எஸ்டிமேட். உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். பட்டியலில் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

17 டிசம்பர், ஞாயிறு

ரேஷன் கடைகளில் 6,000 ரூபாய் நிவாரணம் இன்று தொடங்கியிருக்கிறது. எங்களுக்கு டோக்கன் நாளைக்கு.

29 ஜனவரி 2024, திங்கள்

கம்பெனியின் கணக்கு வந்தது. துணி வரிசை முழுக்க அடிக்கப்பட்டிருந்தது. "சொந்த உடைமைகள் அடங்காது" என்று ஒரு வரி மட்டும்.

எங்களுடையது வீட்டுக்கடனோடு வங்கி எடுத்துக் கொடுத்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி. 1 ஏப்ரல் 2021 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் தர வேண்டிய ஒரே மாதிரியான பாலிசி இது. கட்டடத்தின் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே சேரும். தனியாகப் பட்டியல் கொடுக்க வேண்டியதில்லை. பொதுப் பொருள்கள் என்ற விளக்கத்திலேயே உடைகள் இருக்கின்றன. தனியாகக் கேட்டு வாங்க வேண்டியவை நகை, வெள்ளிப் பாத்திரம், ஓவியம், விலையுயர்ந்த கம்பளம் போன்றவைதான். எங்கள் தெருவில் பலருக்குத் தங்கள் வீட்டுக்கடனோடு இது இருக்கிறது என்பதே தெரியாது.

அந்தப் பக்கத்தை நகலெடுத்து, வரியின் கீழ் கோடு போட்டு, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினேன். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமும் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

20 பிப்ரவரி, செவ்வாய்

துணியைச் சேர்த்துக்கொண்டார்கள். மெத்தை, தலையணைகளுக்குப் புதிது வாங்கும் விலை, துவைத்து மீட்டவற்றுக்கு டிரைகிளீனிங், ரோலிங் (புடவையைச் சுருக்கமின்றி உருளையில் இழுத்து மெருகேற்றுவது) பில் தொகை. முகூர்த்தப் புடவைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. கட்டிக்கொள்ளும் நிலையில்தானே இருக்கிறது என்கிறார்கள். கறுத்த ஜரிகையை மாற்றி நெய்ய என்ன ஆகும் என்று காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளரிடம் எஸ்டிமேட் கேட்டிருக்கிறேன். அது வந்ததும் மறுபடி எழுதுவேன். மீதித் தொகையை வாங்கிக்கொள்ளும் கடிதத்தில் "முழுத் தீர்வாக" என்ற சொற்களை அடித்துவிட்டு, "இந்தப் பொருள் நீங்கலாக" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.