கண்டதும் நினைத்ததும்

அக்டோபர் 12

நடவு முடிந்து இருபது நாள் ஆகிறது. காலையில் மடை திறக்கப் போனேன். வடகிழக்கு மூலையில் இரண்டு முழ அகலத்துக்குப் பயிர் மஞ்சள் பூத்திருந்தது. ஒரு தாளைத் திருப்பிப் பார்த்தால் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள். சம்பா போயிற்று, கூட்டுறவுக் கடன் அடையாது, மகளின் படிப்பு நின்றுவிடும் என்று வரப்பில் நின்றபடியே தை மாதம் வரை போய்விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: மீதி வயலை நான் பார்க்கவே இல்லை.

அக்டோபர் 13

மகள் திருச்சியில் உளவியல் படிக்கிறாள். போனில் சொன்னேன். "இது உனக்கு எப்போதும் உள்ள பழக்கம்தான், அம்மா" என்றாள். ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில், மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் சில எண்ணங்கள் தாமாகவே ஓடி வருவதையும் அவை ஒரே பக்கமாகச் சாய்வதையும் கவனித்தாராம். சிறியதைப் பேரழிவாக்குவது, கெட்டதை மட்டும் பொறுக்குவது, அடுத்தவர் மனம் தெரியும் என்று எண்ணுவது. இதற்காக, நல்லதையே நினை என்று அவர் சொல்லவில்லையாம். நினைத்தது உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கச் சொன்னாராம். எனக்கு அது பிடித்தது. வரவு செலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் நினைத்தது.

அக்டோபர் 15

வேளாண் அலுவலர் வந்து பார்த்தார். துத்தநாகச் சத்துக் குறைவாம். ஜிங்க் சல்பேட் தெளிக்கச் சொன்னார்.

அக்டோபர் 19

கண்டது: கடைத்தெருவில் அண்ணி என்னைப் பார்த்தும் பேசாமல் போனார். நினைத்தது: வரப்புத் தகராறை அவர் இன்னும் மறக்கவில்லை.

முன்பென்றால் இதைத் தீபாவளி வரை சுமந்திருப்பேன். மாலையில் நேரே வீட்டுக்குப் போனேன். கன்னம் வீங்கி, துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைவாய்ப் பல்லில் வலி, வாயைத் திறக்க முடியவில்லை. கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 25

பக்கத்து வீட்டுக்காரரின் குறுவை நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் ஐந்து நாளாக நனைகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். குவியலின் அடியில் கையை விட்டார். முளை கட்டிய நெல் விரலில் ஒட்டி வந்தது. அவருடைய கவலை முழுக்க இடப்பக்கத்துக்கு உரியது. அவரிடம் போய் எண்ணத்தை மாற்றுங்கள் என்று சொல்வது பெரிய கொடுமை. தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

நவம்பர் 4

மூலைப் பயிர் பச்சை கட்டிவிட்டது.

நவம்பர் 16

2018இல் இதே நாள் விடியலுக்கு முன் கஜா கரையைக் கடந்தது. இந்த ஒரத்தநாட்டுப் பக்கத்தில் வேரோடு சாய்ந்த தென்னைகளை எண்ணியவர்கள் நாங்கள். எங்கள் கொல்லையில் பதினொன்று. காற்று கொஞ்சம் வலுத்தாலும் என் மனம் ஓடுவது அந்த இரவிலிருந்துதான் என்று இப்போது விளங்குகிறது. அதற்காக இனி என்னைத் திட்டிக்கொள்ள மாட்டேன்.

இன்று இரவும் காற்று. கொல்லையில் பெரிய சத்தம் கேட்டது. உடம்பு விறைத்துப் படுத்திருந்தேன். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். புயலுக்குப் பின் நட்ட மரங்கள் நின்றன. காய்ந்த மட்டை ஒன்று கிணற்றடியில் விழுந்து கிடந்தது. காலையில் அடுப்புக்கு ஆகும் என்று இழுத்துத் திண்ணையோரம் போட்டேன்.