ஐந்து நியான்கள்: கராஜ் நாட்குறிப்பு

ஜனவரி 7, செவ்வாய்

கடிதம் இல்லை.

குரலை ஐந்து பிட் எண்ணாக மாற்ற நான் கட்டும் வால்வு மெஷினில், பல்ஸ்களை எண்ணும் கவுண்டரின் மூன்றாம் கட்டம் இன்றும் கோளாறு. முதல் இரண்டும் பிசகாமல் புரள்கின்றன. மூன்றாவது ஒரு மணி நேரம் சூடேறிய பிறகு திடீரென்று ஒரு பல்ஸை விழுங்கிவிடுகிறது. அது விழுங்கினால் அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டும் பொய் சொல்லும். 13 வரவேண்டிய இடத்தில் 9 வருகிறது.

ஜனவரி 8, புதன்

இடது பக்கம் தலையணையில் இருந்தால் தூக்கம் வருகிறது. மாற்றிப் படுத்தால் இல்லை.

ஜனவரி 9, வியாழன்

மூன்றாம் கட்டத்தின் பிளேட்டுகளில் ஆஸிலோஸ்கோப்பை வைத்துக்கொண்டு காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். 1918-ல் எக்கிள்ஸும் ஜோர்டனும் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அதே சர்க்யூட்தான். இரண்டு ட்ரயோடு, அதாவது கேத்தோடிலிருந்து பிளேட்டுக்குப் போகும் கரண்டை கிரிட் என்ற வலை கட்டுப்படுத்தும் வால்வு. இதன் பிளேட்டிலிருந்து அதன் கிரிட்டுக்கு ஒரு ரெசிஸ்டர், அதன் பிளேட்டிலிருந்து இதன் கிரிட்டுக்கு இன்னொன்று. இது கடத்தினால் இதன் பிளேட் இறங்கும், அதன் கிரிட்டும் கூடவே கீழே போகும், அது அடைபடும். அது அடைபட்டால் அதன் பிளேட் ஏறி, இதை இன்னும் நன்றாகக் கடத்தச் சொல்லும். இரண்டு நிலைதான். நடுவில் நிற்க அதற்கு இடமே கிடையாது. ஒரு நெகட்டிவ் பல்ஸை டயோடு வழியாகக் கொடுத்தால் கவிழ்ந்து மறுபக்கம் விழும். இரண்டு பல்ஸுக்கு ஒரு தடவை பழைய நிலைக்கு வருவதால் பாதியாக எண்ணும். ஐந்தைச் சங்கிலியாகக் கோத்தால் 0 முதல் 31 வரை.

வலது பாதி ஒழுங்காக 70 வோல்ட் வரை இறங்குகிறது. இடது பாதி 90-லேயே நின்றுவிடுகிறது. ரெசிஸ்டர்களை அளந்தாயிற்று. வேகம் கூட்டப் போடும் 47 பிகோஃபாரட் கெப்பாசிட்டர்களையும் மாற்றியாயிற்று. இனி வால்வு ஒன்றுதான் பாக்கி.

இடது பாதி. இதெல்லாம் தற்செயல் என்று தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 12, ஞாயிறு

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கராஜ் கதவைச் சாத்திய பிறகும் சத்தம் கேட்டது. பக்கத்து அறையில் அப்பளம் பொரிவதுபோல. வீட்டுக்குள் வந்து ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். அதுவல்ல.

ஐந்து பிட்டில் பேச்சைக் கேட்டால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். 32 படிக்குள் குரலை அடைத்தால், உண்மையான அளவுக்கும் பக்கத்துப் படிக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் கரகரப்பாக மேலே வந்து உட்காரும். முழு வீச்சில் பேசினால்கூட குரலுக்கும் கரகரப்புக்கும் இடைவெளி 32 டெசிபல்தான். மெல்லப் பேசினால் அதுவும் இல்லை. ஏழு பிட் என்றால் 44. அதற்காகத்தான் பெல் ஆய்வகத்துக்காரர்கள் ஏழுக்குப் போனார்கள்.

ஆனால் இப்போது மெஷின் அணைந்திருக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கொஞ்சமாக வைத்தேன், முந்திரி தீய்ந்துவிட்டது. மகள் போன் செய்தாள்.

“அப்பா, ஏன் போனை மாத்தி மாத்தி வைக்கறீங்க?”

“கை வலிக்குதும்மா.”

அவள் நம்பவில்லை. ஹெச்.டி. என்கிற உயர் மின்னழுத்த வயரை ஏதாவது மூடி வைத்திருக்கிறேனா என்று கேட்டாள். 200 வோல்ட் டிசி, கெப்பாசிட்டர்கள் அணைத்த பிறகும் பிடித்து வைத்திருக்கும். ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் தொடுகிறேன் என்று சொன்னேன். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

ஜனவரி 15, புதன்

ஸ்கேன் முடிந்தது. முடிவு தபாலில் வருமாம்.

ஜனவரி 19, ஞாயிறு

இங்கே ஹார்லோவில் லண்டன் ரோடு பக்கமாக நடந்தேன். எஸ்.டி.எல். என்ற தொலைத்தொடர்பு ஆய்வகம் இருந்த இடத்தில் இப்போது டேட்டா சென்டர், சார்லஸ் காவ் பெயரில். நியாயமான பெயர்தான். கண்ணாடி இழை பற்றிய கட்டுரையை அவரும் ஹாக்கமும் 1966-ல் இந்த ஊரில் இருந்துதான் எழுதினார்கள். ஆனால் ஒளியால் செய்தி அனுப்ப முடியுமா பாருங்கள் என்று அந்தக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டவர் அலெக் ரீவ்ஸ். அவர் பெயரைச் சொன்னால் இந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

என் மெஷினுக்கு அடிப்படையான பி.சி.எம். (பல்ஸ் கோடு மாடுலேஷன்), ரீவ்ஸ் பாரிஸில் ஐ.டி.டி. டெலிபோன் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்தபோது வந்த யோசனை. 1938 அக்டோபர் 3-ம் தேதி பிரான்ஸில் விண்ணப்பம். தூரம் போகப் போகப் பேச்சோடு இரைச்சலும் சேர்ந்து பெருகுகிறது. ஆம்ப்ளிஃபையர் வைத்தால் இரண்டையும் சேர்த்தே பெரிதாக்கும். அவர் சொன்னது: பேச்சின் உயரத்தை அனுப்பாதே, உயரத்தின் எண்ணை அனுப்பு. பல்ஸ் இருக்கிறதா இல்லையா, அது மட்டும் தெரிந்தால் போதும். வழியில் ஒவ்வொரு நிலையத்திலும் இப்படிக் கவிழும் சர்க்யூட், அதாவது ஒரு ட்ரிகர், இருந்தால், நசுங்கி வந்த பல்ஸைப் பார்த்துப் புதுப் பல்ஸ் ஒன்றைத் தானே செய்து அனுப்பிவிடும். பாதி தூரத்து இரைச்சல் அங்கேயே செத்துவிடும்.

1940 ஜூனில் ஜெர்மானியர்கள் வருவதற்குள் பாரிஸை விட்டுக் கிளம்பினார். அப்புறம் போர், குண்டுவீச்சு விமானங்களுக்கு வழிகாட்டிய ஓபோ. ஆவிகளோடு பேசுவதிலும் ஈடுபாடு உண்டாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் இரைச்சலுக்குள் குரல் தேடியவர் அங்கே போய்ச் சேர்ந்ததில் ஆச்சரியமும் இல்லை.

எல்லாரும் எழுதுவது: வால்வில் பி.சி.எம். முடியவில்லை, டிரான்சிஸ்டர் வந்துதான் முடிந்தது. பாதிதான் உண்மை. வால்வு ட்ரிகர் அருமையாக வேலை செய்யும். சிக்கல் எண்ணிக்கையில். ஒரே ஒரு குரலுக்கு என் மேசையில் கவுண்டருக்கு மட்டும் பத்து ட்ரயோடு. கேட், கிளாக், ரம்பப்பல் அலை, ஒப்பிடும் ட்ரிகர் எல்லாம் தனி. இவை ஒவ்வொன்றுக்கும் ஹீட்டர், ஒவ்வொன்றும் என்றைக்கோ கிழவனாகும். இதை ஊர் ஊராக வைத்துக் கட்டிக் காக்க யார் காசு கொடுப்பார்கள்? 1962-ல் அமெரிக்காவில் டி1 என்ற பி.சி.எம். டெலிபோன் இணைப்பு வந்தபோது 24 பேச்சு இரண்டே இணைக் கம்பிகளில் போனது. அதற்குள் ரீவ்ஸின் காப்புரிமைக் காலம் முடிந்துபோயிருந்தது. 1969-ல் ஒரு ஷில்லிங் தபால்தலையில் பி.சி.எம். வந்தது. தபால்தலை!

தபால் என்றதும் நினைவு. நேற்றும் இல்லை.

ஜனவரி 20, திங்கள்

மூன்றாம் கட்டத்து ஈ.சி.சி. 82 வால்வைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டருக்கென்றே செய்த 5963 ஒன்றைச் செருகினேன். இரண்டு பாதியும் 70-க்கு இறங்குகின்றன. இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். ஒரு பல்ஸ்கூடத் தவறவில்லை.

பழையதற்கு என்ன நோய் என்று எனக்கு ஓர் ஊகம். ஹீட்டர் எரிந்துகொண்டே, கரண்ட் மட்டும் ஓடாமல் மாதக்கணக்கில் கிடந்தால், கேத்தோடின் நிக்கலுக்கும் அதன்மேல் பூசிய ஆக்ஸைடுக்கும் நடுவில் ஒரு படலம் வளரும். நிக்கலில் இருக்கும் சிலிக்கான்தான் காரணம். எம்.ஐ.டி.யில் வேர்ல்விண்ட் கம்ப்யூட்டர் கட்டும்போது கண்டுபிடித்தார்கள். இந்த இரு நிலைச் சர்க்யூட்டில், ஃபிளிப் ஃபிளாப்பில், எப்போதும் ஒரு பாதி சும்மா இருக்கிறது, அந்தப் பாதிதான் கெடும். உழைத்த பாதி நன்றாக இருக்கும். இந்த வால்வு முன்பு எந்த மெஷினில் எத்தனை காலம் சும்மா காத்திருந்ததோ.

சும்மா இருப்பதால் வருகிற நோய். டாக்டரிடம் சொல்லலாம்.

ஜனவரி 23, வியாழன்

கடிதம் இல்லை. போன் செய்தால் வரிசையில் பதினான்காவது ஆள் என்கிறது ஒரு குரல். அதையும் வலது காதில்தான் கேட்டேன்.

மாலையில் வேடிக்கையான ஒன்று. மைக்கைப் பிடுங்கிவிட்டேன். உள்ளே வருவது வெறும் அமைதி. கட்டத்துக்கு ஒன்றாக அதன் நிலையைக் காட்டும் ஐந்து நியான் விளக்குகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. ஐந்துமே. ஒன்று நடுங்கினால் புரியும்.

பிறகுதான் பிடிபட்டது. நான் அமைதியின் மட்டத்தைச் சரியாக நடுவில் வைத்திருக்கிறேன், 15-க்கும் 16-க்கும் இடைப்பட்ட விளிம்பில். 15 என்றால் 01111. 16 என்றால் 10000. ஒரு படி நகர்ந்தால் ஐந்து பிட்டும் கவிழ வேண்டும். ஹீட்டரிலிருந்து கசியும் 50 ஹெர்ட்ஸ் ஹம் சில மில்லிவோல்ட்தான் இருக்கும். என் படி ஒவ்வொன்றும் 2 வோல்ட். ஆனால் விளிம்பில் நின்றால் அந்தச் சில மில்லிவோல்ட்டே போதும். இப்படியா அப்படியா என்று ட்ரிகர் முழுசாக முடிவெடுத்துவிடும். மறுமுனையில் அது 2 வோல்ட் சத்தமாக வரும்.

அதாவது வழிநடுவே இரைச்சலைக் கொல்கிற அதே குணம், வாசலில் இல்லாத இரைச்சலைப் பெரிதாக்குகிறது. ரீவ்ஸைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. நடுநிலை இல்லாத சாதனத்திடம் சந்தேகத்தைக் கொடுத்தால் அது சத்தம் போட்டுத்தான் பதில் சொல்லும்.

ஹெட்போனில் கேட்டேன். கிட்டத்தட்ட அதே சத்தம். கிட்டத்தட்ட.

ஜனவரி 26, ஞாயிறு

டீகோடர் கட்டினேன். பெல் ஆய்வகத்து ஷானனின் யோசனை, இத்தனை வால்வுக்கு நடுவே இதில் ஒரு கெப்பாசிட்டரும் ஒரு ரெசிஸ்டரும்தான். பல்ஸ் வரும்போதெல்லாம் கெப்பாசிட்டருக்கு ஒரே அளவு சார்ஜ். அடுத்த பல்ஸ் நேரம் வருவதற்குள் அது சரியாகப் பாதியாக வடிய வேண்டும். சின்ன பிட்டை முதலில் அனுப்பினால், கடைசி பிட் வரும்போது முதலாவது பதினாறில் ஒரு பங்காகத் தேய்ந்திருக்கும். எடை தானாக அமைந்துவிடுகிறது. அந்த நொடியில் அளந்தால் அதுதான் குரல். மனிதர் இதை எப்படி நினைத்தாரோ!

விளிம்புப் பிரச்சினைக்கு பெல்லில் வேறு வழி போனார்கள். எண்ணவே இல்லை. சியர்ஸ் செய்த குழாயில் எலக்ட்ரான் கற்றை துளையிட்ட ஒரு தகட்டின் குறுக்கே ஓடும், துளை இருந்தால் பல்ஸ். 128 வரிசை, ஏழு பிட். கற்றை இரண்டு வரிசைக்கு நடுவில் பட்டுவிட்டால் பாதி இதிலும் பாதி அதிலும் படித்து உளறிவிடும் என்ற பயத்தில் தகட்டுக்கு முன்னால் கம்பிவலை வைத்தார்கள். ஃபிராங்க் கிரே துளைகளின் வரிசையையே மாற்றினார். அடுத்தடுத்த எண்களுக்கு ஒரே ஒரு பிட்தான் மாறும். 15 என்றால் 01000, 16 என்றால் 11000. விளிம்பில் நின்றாலும் ஒரு படிக்கு மேல் தவறாது. 12 பேச்சு, ஏழு பிட், நொடிக்கு 8000 தடவை: 6,72,000 பல்ஸ். 1947-48-ல், வால்விலேயே!

ஜனவரி 29, புதன்

எதிலும் மனம் ஒட்டவில்லை. சிக்சாலி பற்றிப் படித்தேன், 1943-ல் பென்டகனும் லண்டனும் ரகசியமாகப் பேசிய மெஷின். லண்டன் பக்கத்து மெஷின் செல்ஃப்ரிட்ஜஸ் கடையின் நிலவறையில். குரலைப் பிரித்த அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் ஆறே ஆறு படி. தைராட்ரான் என்ற வாயு வால்வை வைத்து எண்ணினார்கள். தைராட்ரான் ஒருமுறை பற்றிக்கொண்டால் கிரிட் சொன்னதைக் கேட்காது, பிளேட் சப்ளையைத் துண்டித்தால்தான் அணையும். நொடிக்கு 50 தடவை என்றால் அது போதும். எனக்கு 125 மைக்ரோ நொடிக்குள் 32 வரை எண்ணியாக வேண்டும், ஆகாது.

மேலே இருப்பவர் நாற்காலியை இழுத்தார் என்று சண்டைக்குப் போகவிருந்தேன். மேலே யாரும் இல்லை, இது தனி வீடு.

பிப்ரவரி 2, ஞாயிறு

பத்து நாளாகத் தள்ளிப்போட்டதைச் செய்தேன். அமைதியின் மட்டத்தை 1 வோல்ட் ஏற்றினேன். அதாவது அரைப் படி. இப்போது அது படியின் நட்டநடுவில். நியான் ஐந்தும் அசையவில்லை. ஸ்கோப்பில் ஒரே எண் திரும்பத் திரும்ப, 10000, 10000, 10000. டீகோடரில் நேர்கோடு. இந்த மெஷின் இப்போது எந்தச் சத்தமும் போடவில்லை என்று சத்தியம் செய்யலாம்.

ஹெட்போனை வலது காதில் வைத்தேன். ஒன்றுமில்லை.

இடது காதில் வைத்தேன். அப்படியே இருந்தது. கழற்றிக் கீழே வைத்தேன், அப்போதும் இருந்தது.

சரி.

பிப்ரவரி 3, திங்கள்

ரீவ்ஸுக்கு அமெரிக்கா காப்புரிமை கொடுத்த நாள், 1942.

பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். கடிதம் இல்லை, நேரில் வரச் சொல்கிறார்கள். வியாழன். “கூட யாராவது வந்தால் நல்லது” என்றார் அந்தப் பெண். எதற்கு என்று கேட்டதற்கு, விவரம் டாக்டர்தான் சொல்வார் என்றார். மகளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை, எந்த ரயில் என்று மட்டும் சொன்னாள்.

பிப்ரவரி 5, புதன்

இருமத்தை கிரே கோடாக மாற்ற நான்கு இடங்களில் பக்கத்துப் பிட்டோடு ஒப்பிட வேண்டும். ட்ரயோடு வேண்டாம், டயோடு வால்வு வைத்தே பார்க்கலாம். ஈ.பி. 91 மூன்று இருக்கிறது, இன்னும் வேண்டும். அவள் எட்டு மணி ரயிலில் வருகிறாள், அதற்குள் ஹெச்.டி. பக்கத்துக்கு மூடி போட வேண்டும்.