கழிந்துபோன 40 நாட்கள்

"அம்மா, இந்த நாற்பது நாளும் கழியுது" என்றாள் மகள், மடிக்கணினியில் இருந்து கண்ணை எடுக்காமல்.

கனடியக் குடியுரிமைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஐந்து வருடங்களில் 1,095 நாட்கள் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். வெளியே போய் வந்த பயணங்களைத் திகதியோடு எழுதவேண்டும். எனக்கு எழுத ஒரேயொரு பயணம்தான்: 2022, திருகோணமலை, 40 நாட்கள். பக்கத்தில் காரணம் கேட்டு ஒரு கட்டம். 'குடும்பம்' என்று மகள் ஆங்கிலத்தில் தட்டினாள். செத்தவீடு என்று போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் அன்றிரவு முழுக்க நித்திரை இல்லை.

நான் போய்ச் சேரும்வரை அம்மாவை வைத்திருந்தார்கள். உப்புவெளிச் சந்தியில் வெள்ளைக்கொடியைக் கண்டதுமே கால் பின்னியது. எட்டாம் நாள் சடங்கு முடிந்த கையோடு திரும்பலாம் என்றுதான் இங்கே வேலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். அங்கே போன பிறகு, 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியாமல் எப்படி விமானம் ஏறுவது?

அண்ணா கருமம் செய்தார். பிறகு எல்லோரும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். இராவணன் தன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்று சின்ன வயதில் அம்மாதான் கதை சொல்லிக் கூட்டிப்போவார். பக்கம் பக்கமாக ஏழு சின்னச் சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றினேன். முதல் வாளி சுட்டது. அடுத்த கிணற்று நீர் இதமாக இருந்தது. அந்த இதத்தில்தான், செத்தவீட்டில் வராத அழுகை வந்தது. அண்ணி பேசாமல் என் முதுகில் ஊற்றிக்கொண்டே இருந்தார். அதுவும் கழித்த நாட்களில் ஒன்று.

நாள் எண்ணும் சட்டத்தில் எனக்குக் குறை இல்லை. ஒரு நாடு தன்னோடு வாழ்ந்தவரைத்தான் தன்னவர் என்று சொல்லும். அந்த 40 நாட்களையும் இங்கேயே இருந்து நிரப்பிவிட்டு விண்ணப்பித்தேன்.

குடியுரிமைச் சோதனைக்கு மகள்தான் வாத்தியார். 20 கேள்வி, 15 சரியாக வேண்டும். கனடாவைச் சுற்றி எத்தனை சமுத்திரம் என்று சமையலறையில் வைத்துக் கேட்பாள். பசிபிக், அத்திலாந்திக், ஆர்க்டிக் என்று கறியைக் கிண்டிக்கொண்டே சொல்வேன். ஒருநாள் என்னை அறியாமல் எங்கள் ஊர்க் கடலையும் "கொட்டியாரக்குடா" என்று சேர்த்துவிட்டேன். இரண்டு பேரும் அடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தோம். ஸ்காபரோவில் எனக்கு நல்ல வேலை, நல்ல அயலவர்கள். பனிக்காலமும் பழகிவிட்டது. ஒன்ராறியோ ஏரிக்கரையில் நடக்கும்போது மட்டும் மூக்கு உப்புக்காற்றைத் தேடும். ஊரில் கோணேசர் கோயில் மலைப் பாதையில் ஏறும்போது முகத்தில் அடிக்கும் அந்தக் காற்று.

சத்தியப்பிரமாணம் கணினித் திரை வழியாகத்தான். நிரந்தர வதிவிட அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் காட்டச் சொன்னார்கள். தடித்த அட்டை, இரண்டு முறை அழுத்தித்தான் வெட்ட முடிந்தது. பிறகு வலக்கையை உயர்த்தி, மூன்றாம் சார்ள்ஸ் மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்றேன். மனதாரச் சொன்னேன். மகள் கட்டிப்பிடித்தாள்.

அன்றைக்கே அண்ணாவுக்கு அழைத்தேன். வேறொரு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை போய்விடும், இரட்டைக் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இது அவருக்கும் தெரியும்.

"அப்ப இனி ஊருக்கு வாறதெண்டா விசா எடுக்கோணுமோ?"

"ஓம் அண்ணா."

"எத்தனை நாளைக்குத் தருவாங்கள்?"

"முதல்ல முப்பது நாள். பிறகு நீட்டலாம்."

அவர் பேசவில்லை. பின்னால் அப்பாவின் இருமல் கேட்டது. அவருக்கு 86 வயது. முப்பத்தோராம் நாளை அண்ணாவும் எண்ணியிருப்பார். இரட்டைக் குடியுரிமைப் படிவத்தை அன்றிரவே எடுத்து மேசையில் வைத்தேன்.