தப்பு காயும் வரை

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் மேடை இசை என்றால் திருவிழாவுக்கு உறுமி மேளம், கல்யாணத்துக்குச் சினிமாப் பாட்டு, அவ்வளவுதான். தாங்களே எழுதி மெட்டமைத்த பாட்டுகளை மட்டும் பாட ஒரு குழு வருகிறது, டிக்கெட் 15 வெள்ளி (ரிங்கிட்) என்று தோட்ட அலுவலகத்தில் சொன்னேன். தலைமை எழுத்தரான பெரிய கிராணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, ஒரு எம்.ஜி.ஆர். பாட்டுகூடப் பாட மாட்டார்களா?"

குழுவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பேஸ் கிட்டார் வாசிப்பவர் அன்று எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்துவிட்டு வந்திருந்தார். அவருடைய மேற்பார்வையாளருக்கும் தமிழ் படிக்கத் தெரியுமாம்.

நாங்கள் நான்கு பெண்கள் போனோம். ஒருத்தி தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஒருத்தி தாதி, இன்னொருத்தி இரவுச் சந்தையில் அப்பளமும் முறுக்கும் விற்பவள். அவள் ஒரு நாள் வியாபாரத்தையே விட்டுவிட்டு வந்தாள். எங்களில் உண்மையான ரசிகை அவள்தான் என்பேன். மற்ற மூவருக்கும் விடுமுறைச் சம்பளம் உண்டே.

மாலையில் வழக்கம்போல மழை அடித்து ஊற்றியது. ஈரக் காற்றில் தப்பின் தோல் தளர்ந்து, தட்டினால் அட்டைப்பெட்டிச் சத்தம்தான் வந்தது. தப்படிக்கும் தம்பிகள் இருவர் மண்டபத்தின் பின்புறம் பழைய நாளிதழ்களைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சத் தொடங்கினார்கள். புகையைக் கண்ட காவலாளி ஒரு வாளித் தண்ணீரோடு ஓடினார். அவரைச் சமாதானப்படுத்தி, தோல் முறுக்கேறி வரும் வரை கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு பாடகி நேரத்தை ஓட்டினார். பட்டியலில் இல்லாத மெதுவான பாட்டுகள். அன்றைய நிகழ்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பகுதிதான். தாதி ஒத்துக்கொள்ளவில்லை, கொட்டு இல்லாமல் பாட்டா என்கிறாள்.

உறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த அடித்தொண்டை உறுமலைக் கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியால் தரவே முடியாது. இத்தனை நாள் அதை ஏதோ பின்னணி இரைச்சல் என்றே நினைத்திருந்தேன். மண்டபத்தில் அது தரை வழியாக ஏறி நாற்காலிக் கால்களை அதிரவைத்தது. மைக் அதைப் பிடித்து ஊளையிட, ஒலியமைப்பாளர் உறுமியின் சத்தத்தைக் குறைத்தார். கூட்டம் கத்தியது. வாசிப்பவர் மைக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு மேடையிலிருந்து இறங்கி எங்கள் வரிசைக்கே வந்துவிட்டார். அதன் பிறகு வரிகள் ஒன்றும் காதில் விழவில்லை. விழாவிட்டால் என்ன, எங்களுக்குத்தான் மனப்பாடமாயிற்றே.

கடைசிக்கு முந்தைய பாட்டு, பத்து வெள்ளியைப் பற்றியது. தோட்டத் துண்டாடலில் வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுக் கைமாறிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று கேட்டாரே, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்ததே, அந்தக் கதை. பாடகி முதல் அடியை முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு தாத்தா எழுந்தார். அதுவரை எம்.ஜி.ஆர். பாட்டுக் கேட்டுத் தொல்லை கொடுத்தவர்.

"நானும் கட்டினேன்!"

கைத்தட்டல். பாட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "கட்டியது நீங்களா? நான் பால்மரம் வெட்டிய காசு அது!"

மண்டபமே சிரித்தது. பாடகிக்குப் பாட்டைத் தொடர முடியவில்லை. பாட்டியிடம் மைக்கை நீட்டினார்கள். அவர் வாங்க மறுத்து, "நீ பாடு கண்ணு, நேரமாகிறது" என்றார். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்த முறை தப்பு நன்றாகவே காய்ந்திருந்தது. கடைசியாக எந்தப் பாட்டைப் பாடினார்கள் என்று இப்போது கேட்டால் நாங்கள் நால்வரும் நான்கு பாட்டுகளைச் சொல்கிறோம்.

பிறகு மாமாக் உணவுக்கடையில் மீ கோரிங். பக்கத்து மேசையில் அந்த பேஸ் கிட்டார்காரர் இரண்டாவது ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று தாதி விசாரித்தாள். அடுத்த நிகழ்ச்சி தைப்பிங்கில் என்றார், இன்னும் தேதி முடிவாகவில்லையாம். முறுக்கு விற்பவள் அது சந்தை நாளாக இருக்கக் கூடாது என்று அவரிடமே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.